பரோலோ ஒயினைத் திறந்து பரிமாறுவது எப்படி?

பரோலோ, இத்தாலியின் பியட்மான்ட் மாநிலத்தில் ஆல்பா நகருக்குத் தென்மேற்கே உள்ள குன்றுகளில் உருவாகும் சிவப்பு ஒயின். நெபியோலோ திராட்சையைத் தவிர வேறெதையும் இதில் கலக்கக் கூடாது என்பது சட்டம். நெபியோலோவின் தோலில் நிறம் குறைவு, துவர்ப்பு மிக அதிகம். கிளாஸில் வெளிறித் தெரிவதைப் பார்த்து இது சாதுவான ஒயின் என்று நினைத்துத் திறந்த கையோடு குடித்தால், பழுக்காத நாவற்பழத்தைக் கடித்தது போல வாய் இழுத்துக்கொள்ளும்.

வாங்கும்போது: அறுவடை ஆண்டின் நவம்பர் 1 முதல் குறைந்தது 38 மாதங்கள் கழித்துத்தான் பரோலோ விற்பனைக்கு வரும், அதில் 18 மாதங்கள் மரப்பீப்பாயில் இருக்க வேண்டும். கூடுதல் காலம் பக்குவப்படுத்தும் ரிசெர்வா வகை என்றால் 62 மாதங்கள். அப்படியும் புதிதாக வருபவை முரடாகவே இருக்கும். முதல்முறை வாங்குபவர்கள் லா மோரா கிராமத்து ஒயினாக, எட்டுப் பத்து ஆண்டு பழையதாகத் தேடுங்கள். செர்ரலுங்கா, மோன்ஃபோர்த்தே கிராமங்களின் ஒயின்கள் பொதுவாக இறுக்கமானவை, பக்குவப்பட நாளாகும். விலை கட்டுப்படியாகாவிட்டால் லாங்கே நெபியோலோ என்ற ஒயினை வாங்கலாம், அதே திராட்சைதான்.

முந்தின நாள்: பாட்டிலை 24 மணி நேரம் நிமிர்த்தி வையுங்கள். அப்போதுதான் மண்டி அடியில் தங்கும். மண்டி கலந்துவிட்டால் கசக்கும்.

குளிர்ச்சி: 16 முதல் 18 டிகிரி. அறை 28, 30 டிகிரி என்றால் ஃபிரிட்ஜில் சுமார் ஒன்றரை மணி நேரம். அதற்கும் மேல் குளிர்ந்தால் துவர்ப்பு தூக்கும். சூடாக இருந்தால் ஆல்கஹால் நெடிதான் மூக்கில் ஏறும்.

கார்க்: திருகியை நட்டநடுவே இறக்கி மெல்ல இழுங்கள். பழைய கார்க் பொடியும். அதற்கு இரண்டு தகடுள்ள திறப்பான் நல்லது. உடைந்தால் பதறாமல் மிச்சத்தை உள்ளே தள்ளி, சுத்தமான மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். திறந்ததும் மோந்து பாருங்கள். ஈர அட்டைப்பெட்டி வாடை வந்தால் கார்க் கெடுத்த ஒயின். எவ்வளவு நேரம் காற்றில் வைத்தாலும் அது சரியாகாது.

டிகேன்டரில் (ஒயினை ஊற்றிக் காற்றாட வைக்கும் கண்ணாடிக் குடுவை) ஊற்றுதல்: பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். பாட்டில் கழுத்துக்குக் கீழே விளக்கை வைத்து, நடுவில் நிறுத்தாமல், ஒரே சீராக ஊற்றுங்கள். மண்டி கோடாகக் கழுத்துக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள். கடைசி இரண்டு விரல் அளவு போனால் போகட்டும். பத்து ஆண்டுக்கு உட்பட்டதை அகன்ற டிகேன்டரில் இரண்டு மூன்று மணி நேரம் விடலாம். அரை மணிக்கு ஒருமுறை ஒரு வாய் சுவைத்துப் பாருங்கள்: ரோஜா, செர்ரி, தார் வாசனைகள் மேலே வரும்போது தயார். இருபது ஆண்டு தாண்டியதை அப்படி விட்டால் மணம் பறந்துவிடும். மண்டியைப் பிரித்த உடனே பரிமாறுங்கள்.

கிளாஸும் சாப்பாடும்: அகன்ற வயிறுள்ள கிளாஸில் 120 மில்லி போதும். சாப்பாடில்லாமல் பரோலோவைத் தர வேண்டாம். துவர்ப்பைத் தரும் டானின் எச்சிலிலுள்ள புரதத்தோடு ஒட்டுவதால்தான் வாய் வறள்கிறது. இறைச்சி, சீஸின் புரதமும் கொழுப்பும் அதை வாங்கிக்கொள்ளும். பியட்மான்டில் மாட்டிறைச்சியை இதே ஒயினில் மணிக்கணக்கில் வேகவைத்துச் செய்யும் பிரசாத்தோ என்ற உணவோடு பரிமாறுவார்கள். மிளகாய்க் காரம் வேண்டாம். எரிச்சலை ஆல்கஹால் இன்னும் கூட்டும்.

மீந்ததைக் கார்க்கால் மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். இளம் பரோலோ மறுநாள் இன்னும் நன்றாக இருப்பதும் உண்டு.