செவன் வகை கிட் காரை வீட்டு லிப்டில் ஏற்றுவது எப்படி?

இங்கிலாந்தில் வீட்டிலேயே பூட்டி முடிக்கும் கிட் கார்களில் அதிகம் பேசப்படுவது கேட்டரம் செவன். 1957இல் வந்த லோட்டஸ் செவன்தான் இதன் மூலம். 1973இல் தயாரிப்பு உரிமை கேட்டரம் நிறுவனத்தின் கைக்கு வந்தது. எடை ஏறத்தாழ 500 முதல் 600 கிலோ. "காரைத் தூக்கி நிறுத்தும் லிப்ட் 1,500 கிலோ தாங்குமே, அப்புறம் என்ன பயம்?" என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். லிப்ட் தாங்கும்தான். ஆனால் எடை குறைந்த கார் மேலே போனபின் லேசாகத் தள்ளினாலே நகரும். இறுகிய நட்டை நீளமான ஸ்பேனரால் இழுக்கும்போது கனமான கார் அசையாமல் நிற்கும், செவன் அசைந்துவிடும்.

அந்த ஊர் ஒற்றைக் கேரேஜ்களில் கூரை தாழ்வு. அதனால் இரண்டு தூண் லிப்டை விட்டுவிட்டு, அரை மீட்டர் அளவுக்குத் தூக்கும் தாழ்வான லிப்டை வைத்தே சொல்கிறேன்.

1. தரை

சமமான, விரிசல் இல்லாத கான்கிரீட் வேண்டும். செங்கல் பாவிய முற்றம் வேண்டாம்.

2. எங்கே பிடித்துத் தூக்குவது?

பாதி வேலை இதுதான், அவசரப்படாதீர்கள். கம்பெனி கார்களில் ஜாக்கி வைக்கும் இடத்தை அடையாளமிட்டுத் தருவார்கள். கிட் காரில் பல நேரம் நாமேதான் தேட வேண்டும். தயாரிப்பாளரின் கையேடு ஓர் இடத்தைச் சொன்னால் அதுவே முடிவு.

செவனின் உடம்பு மெல்லிய இரும்புக் குழாய்களை வெல்டு செய்த கூடு. அதன்மேல் அலுமினியத் தகட்டை ரிவிட் அடித்திருப்பார்கள். தகடு எடை தாங்காது, லிப்டின் பேடை (காரைத் தொட்டுத் தாங்கும் ரப்பர் கட்டை) வைத்தால் குழிந்துவிடும். ரிவிட் வரிசை எங்கே ஓடுகிறதோ அங்கே பின்னால் குழாய் இருக்கும். குழாயின் நடுப்பகுதியும் வேண்டாம், வளையும். இரண்டு மூன்று குழாய்கள் சந்திக்கும் முனைகளைப் பாருங்கள். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு தேர்ந்தெடுத்து பெயிண்டால் புள்ளி வைத்துவிடுங்கள், அடுத்த முறை குனிந்து தேட வேண்டாம். பிரேக் குழாய், பெட்ரோல் குழாய், பக்கவாட்டில் ஓடும் புகைக்குழாய் எதுவும் பேடுக்கும் சட்டத்துக்கும் நடுவில் மாட்டக் கூடாது. இஞ்சின் சம்பில் (அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டி) மட்டும் எதையும் வைக்கவே வேண்டாம்.

3. எடை எங்கே இருக்கிறது?

முடிந்த காரில் எடை முன்னும் பின்னும் ஓரளவு சமமாக இருக்கும். பாதி கட்டிய காரில் அப்படி இல்லை. இஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்து நூறு கிலோவைத் தாண்டும். இந்தக் காருக்கு அது மிகப் பெரிய பங்கு. லிப்டில் இருக்கும்போதே இஞ்சினைக் கழற்றினால் பின்பக்கம் கனத்துச் சாயும். கழற்றும் முன்பே பின்பக்கத்துக்கு ஸ்டாண்டு கொடுத்துவிடுங்கள்.

4. தூக்குவது

ரப்பர் பேடையும் அது தொடும் இடத்தையும் துடையுங்கள். ஒருமுறை எண்ணெய்ப் பிசுக்கைக் கவனிக்காமல் விட்டதில், தரையிலிருந்து ஒரு சாண்கூட எழும்பாத நிலையில் ஒரு மூலை வழுக்கி இறங்கியது. கீறல்கூட இல்லை, ஆனால் அன்று மேற்கொண்டு வேலை ஓடவில்லை.

சக்கரம் தரையை விடும்வரை ஹேண்ட் பிரேக் போட்டிருக்கட்டும். நான்கு சக்கரமும் எழும்பியதும் நிறுத்துங்கள். நான்கு பேடையும் சுற்றிவந்து பாருங்கள். சீட்டுக்குப் பின்னால் வளைந்து நிற்கும் ரோல் பாரைப் பிடித்து நன்றாக ஆட்டுங்கள் (மட்கார்டைப் பிடிக்காதீர்கள், கையோடு வந்துவிடும்). ஏதாவது நகர்ந்திருந்தால் "சரி, பரவாயில்லை" என்று விடாமல் கீழே இறக்கி மறுபடி வையுங்கள். ஆட்டியும் அசையாவிட்டால் மேலே ஏற்றுங்கள்.

வேண்டிய உயரம் வந்ததும் லிப்டைக் கீழே இறங்காமல் பிடிக்கும் இரண்டு பக்க லாக்கும் விழுந்ததா என்று கண்ணால் பாருங்கள், சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள். பிறகு சற்று இறக்கி, எடை முழுவதும் லாக்கின்மேல் உட்காரும்படி செய்யுங்கள். ஹைட்ராலிக் எண்ணெய் தூக்குவதற்கு மட்டும்தான். லாக்கில் உட்காராத காருக்கு அடியில் தலையை நீட்ட வேண்டாம்.

5. இறக்குவது

முதலில் கொஞ்சம் மேலே ஏற்றினால்தான் லாக் விடுபடும். அடியில் டூல் டிரே, விளக்கு, பூனை எதுவும் இல்லையே? மெதுவாக இறக்குங்கள்.

இறங்கிய கார் வழக்கத்தைவிட உயரமாக நிற்கும், பயப்படாதீர்கள். தொங்கிய சக்கரங்கள் அடிப்பக்கம் உள்ளே ஒடுங்கியபடி தரையைப் பிடித்துக்கொள்வதால் சஸ்பென்ஷன் முழுதாக அமர்வதில்லை. இரண்டு மூன்று மீட்டர் முன்னும் பின்னும் உருட்டினால் சரியாகிவிடும். காரின் உயரம், சக்கரச் சாய்வு எதையும் அளப்பதாக இருந்தால் அதற்கு அப்புறம் டேப்பை எடுங்கள்.