குரோன்ஸ் வந்த பிள்ளைக்கு உணவுக் கட்டுப்பாடு: முதல் நாளிலிருந்து எப்படித் தொடங்குவது

என் மகனுக்கு 11 வயதில் குரோன்ஸ் நோய், அதாவது குடலில் அழற்சியும் புண்ணும் நீடிக்கும் நோய் என்று உறுதியானது. இப்போது 13 முடியப் போகிறது. அன்று பயாப்சி ரிசல்ட்டோடு பெரம்பூர் வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜைத் திறந்தேன். உள்ளே இட்லி மாவு இருந்தது. அதை அவனுக்குக் கொடுக்கலாமா கூடாதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கு அதே இடத்தில் நிற்கிற அம்மா அப்பாக்களுக்காக இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. இதில் உள்ள எல்லாமே குழந்தைகள் கேஸ்ட்ரோ (வயிறு, குடல்) டாக்டரும் டயட்டீஷியனும் சொல்லி நாங்கள் செய்தவை. நீங்களும் அவர்களைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் மருந்து எதையும் உணவை நம்பி நிறுத்தவும் வேண்டாம்.

உணவுக் கட்டுப்பாடு என்றதும் எதையெல்லாம் நிறுத்துவது என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். நிறுத்துவது பாதி வேலைதான். நிறுத்தியதற்கு ஈடாகப் பிள்ளையின் வயிற்றுக்குள் போதுமானது போகிறதா என்று பார்ப்பது மீதிப் பாதி. குரோன்ஸ் உள்ள பிள்ளைகளுக்கு உயரம் கூடாமல் நின்றுபோவது அடிக்கடி நடக்கும், பருவமடைவதும் தள்ளிப்போகும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனால் மிஞ்சுவது பட்டினிதான். அதனால் எந்தக் கட்டுப்பாட்டுக்கும் தொடங்கும் தேதி, முடியும் தேதி இரண்டையும் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

படி 1: எந்த நோய் என்று தெளிவாகக் கேளுங்கள்

குடல் அழற்சி நோய் என்பதில் முக்கியமாக இரண்டு வகை. குரோன்ஸ் வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கே வேண்டுமானாலும் வரும். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் பெருங்குடலில் மட்டும் வரும். உணவையே சிகிச்சையாகக் கொடுப்பதற்கு நல்ல ஆதாரம் இருப்பது குரோன்ஸுக்குத்தான். அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் நான் கீழே சொல்லும் திரவ உணவு அழற்சியை அடக்காது, அதற்கு மருந்துதான். குரோன்ஸிலும் ஆசனவாய் அருகே சீழ் வைத்திருந்தால் டாக்டர் வேறு வழியில் போவார்.

நம் நாட்டில் இன்னொரு சிக்கல், குடல் டிபி. அதுவும் பெரும்பாலும் சிறுகுடல் முடிகிற இடத்தில்தான் வரும், குடலுக்குள் கேமராக் குழாய் விடும் ஸ்கோப்பில் பார்க்க குரோன்ஸ் மாதிரியே இருக்கும். டிபி இருக்கும்போது குரோன்ஸ் என்று நினைத்து, அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்து கொடுத்தால் டிபி பரவிவிடும். எங்களுக்கு இந்த டெஸ்டுகளிலேயே மூன்று வாரம் போனது. பிள்ளை இளைத்துக்கொண்டே போகிறானே என்று நான் பொறுமை இழந்தேன். இப்போது யோசித்தால் அந்த மூன்று வாரம் தேவையான வாரங்கள். தனியார் செலவு தாங்காதவர்கள் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையில் காட்டலாம்.

படி 2: ஒரு நோட்டுப் போடுங்கள்

சாதாரண 80 பக்க நோட்டு போதும். வாரம் ஒரு முறை, அதே கிழமை, காலையில் வெறும் வயிற்றில், அதே மெஷினில் எடை. மாதம் ஒரு முறை சுவரில் பென்சில் கோடு போட்டு உயரம். தினமும் எத்தனை தடவை வெளியே போனான், ரத்தமோ சளியோ இருந்ததா, வலி எப்போது வந்தது, காய்ச்சல் உண்டா. அப்புறம் என்ன சாப்பிட்டான், எவ்வளவு குடித்தான்.

இதோடு கால்ப்ரொடெக்டின் என்று ஒரு மலப் பரிசோதனை உண்டு. குடலில் அழற்சி இருந்தால் அந்த எண் ஏறும். பொதுவாக 50-க்குக் கீழே நல்லது, 250-க்கு மேல் போனால் அழற்சி ஓடிக்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். சாம்பிளில் தண்ணீரோ சிறுநீரோ கலக்கக் கூடாது. டாய்லெட் மேல் சுத்தமான பிளாஸ்டிக் கவர் ஒன்றை விரித்துப் பிடித்தால் வேலை சுலபம். எங்கள் முதல் எண் 1400. வலி குறைந்தாலே நோய் குறைந்தது என்று நினைக்கத் தோன்றும். வலி போன பிறகும் அழற்சி உள்ளே இருக்கலாம், அதனால்தான் இந்த எண் வேண்டும். காய்ச்சலுக்கு இபுப்ரோஃபென் கலந்த மருந்துகள் வேண்டாம், அவை குடலைப் புண்ணாக்கக்கூடியவை. பாராசிட்டமால் போதும்.

படி 3: வெறும் திரவ உணவு, 6 முதல் 8 வாரம்

குழந்தைகளின் குரோன்ஸுக்கு ஸ்டீராய்டு இல்லாமல் அழற்சியை அடக்க, ஐரோப்பிய மருத்துவர் சங்கங்களின் வழிகாட்டுதல் முதலில் சொல்வது இதைத்தான். எல்லாச் சத்தும் அடங்கிய பால்மாவு போன்ற ஃபார்முலா மட்டும், வேறு சாப்பாடு கிடையாது. ஸ்டீராய்டு வளர்ச்சியைத் தடுக்கும், இது வளர்ச்சிக்குச் சத்தையும் சேர்த்துத் தரும்.

எந்த மாவு, எத்தனை கலோரி என்பதை டயட்டீஷியன் எடை பார்த்துச் சொல்வார். 27 கிலோ இருந்த என் மகனுக்கு 1800 கலோரி. ஒரு மில்லிக்கு ஒரு கலோரி கணக்கில் 1800 மில்லி, வேளைக்கு 300 வீதம் ஆறு வேளை. 400 கிராம் டப்பா ஒரு நாளைக்குத்தான் வந்தது, அந்தச் செலவுக்கு முன்பே தயாராகிக்கொள்ளுங்கள். மிகவும் இளைத்த பிள்ளைக்கு முதல் நாளே முழு அளவு கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் சட்டென்று இறங்கி ஆபத்தாகலாம். டாக்டர் சொல்லும் வேகத்தில் மட்டும் ஏற்றுங்கள்.

கலக்கும் விதம்: கொதித்து ஆறிய தண்ணீரை முதலில் அளந்து ஊற்ற வேண்டும், கை பொறுக்கும் சூடு போதும். கரண்டியைக் கத்தியால் தலைதட்டி, எண்ணிக்கொண்டே மாவைப் போட வேண்டும். மாவின் மேல் தண்ணீர் ஊற்றினால் அடியில் கட்டி தட்டும். நான் காலை ஐந்தரைக்கு மூன்று வேளைக்குச் சேர்த்துக் கலக்கி, மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. சில்லென்று, மூடிய டம்ளரில் ஸ்ட்ரா போட்டுக் கொடுத்தால் மாவு வாடை மூக்கில் ஏறாது. வாய் வைத்து மிச்சமானதை ஒரு மணி நேரத்தில் கொட்டிவிட வேண்டும், நம் சென்னை வெயிலில் இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். பள்ளிக்கு ஐஸ் போட்ட ஃபிளாஸ்க். குடிக்கவே முடியாத பிள்ளைகளுக்கு மூக்கு வழியாக மெல்லிய டியூப் போட்டு இரவில் கொடுப்பார்கள். அது தோல்வி இல்லை.

முதல் வாரம் கடினம். பசியை விட மெல்ல முடியவில்லையே என்பதுதான் அவனுக்கு வருத்தம். வெங்காயம் வதக்கும் வாசனை வரக் கூடாது என்று அவனை உள் அறையில் உட்காரவைத்துவிட்டு நாங்கள் சாப்பிட்டோம். மூன்றாம் நாள் அவன் டம்ளரை எடுத்துக்கொண்டு வந்து, "அம்மா, நான் இங்கயே உட்கார்ந்து குடிக்கிறேன். என்னைத் தள்ளி வைக்காதீங்க" என்றான். அதன்பிறகு ஆறு வேளையில் இரண்டு வேளை எங்களோடு சேர்ந்துதான். இரண்டாம் வாரக் கடைசியில் வலி அடங்கியது. எட்டாம் வாரம் எடை 30 கிலோ.

படி 4: சாப்பாட்டுக்குத் திரும்புவது

எங்கள் டாக்டர் இதற்கு எடுத்துக்கொண்டது குரோன்ஸ் விலக்கு உணவுமுறை. இதைப் பற்றி இஸ்ரேலைச் சேர்ந்த டாக்டர் ஆரி லெவைன் குழுவின் ஆய்வு 2019-ல் வந்தது. முதல் 6 வாரம் பாதிக் கலோரி ஃபார்முலாவில், பாதி சாப்பாட்டில். அடுத்த 6 வாரம் ஃபார்முலா கால் பங்கு. அந்த ஆய்வில் முழுத் திரவ உணவைத் தாங்கியவர்கள் சுமார் 74 சதவீதம், இதைத் தாங்கியவர்கள் 97 சதவீதத்துக்கு மேல். சில வீடுகளில் திரவக் கட்டம் இல்லாமல் நேராக இதிலேயே தொடங்குகிறார்கள்.

முதல் கட்டத்தில் தினமும் கட்டாயம் உள்ளவை: தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி, இரண்டு முட்டை, இரண்டு உருளைக்கிழங்கு, இரண்டு வாழைப்பழம், தோல் சீவிய ஆப்பிள் ஒன்று. வெள்ளை அரிசி உண்டு. நம் வீட்டுக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை. கோதுமை, பால், தயிர், பருப்பு வகை, டீ, காபி, பாக்கெட்டில் வரும் எதுவும் கிடையாது. உளுந்து பருப்பு வகையில் சேருவதால் இட்லியும் தோசையும் 6 வாரம் இல்லை. பச்சரிசியை வீட்டிலேயே ஊறவைத்து இடித்து இடியாப்பம் பிழிந்தேன். அதோடு மிளகு, சீரகம், பூண்டு, கறிவேப்பிலை போட்ட கோழி. புளிக்குப் பதில் எலுமிச்சை. சைவ வீடுகளில் கோழிக்குப் பதில் எது என்பதை நீங்களே முடிவு செய்யாதீர்கள். டயட்டீஷியன் புரதக் கணக்குப் போட்டுத்தான் மாற்ற வேண்டும்.

உருளைக்கிழங்கை மட்டும் கொஞ்சம் விளக்குகிறேன். அதை வேகவைத்து ஆறவைக்க வேண்டும். ஆறும்போது மாவுச்சத்தில் ஒரு பகுதி சிறுகுடலில் செரிக்காத வடிவத்துக்கு மாறி, பெருங்குடலில் உள்ள நல்ல பாக்டீரியாவுக்கு உணவாகிறது. இரவே தோல் சீவி வேகவைத்து, ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன். காலையில் அது கெட்டியாகி, கத்தி இறங்கும்போது உதிராமல் சதுரம் சதுரமாக வரும். சீரகம் தாளித்து, மஞ்சளும் மிளகும் தூவி இரண்டு நிமிடம் புரட்டினால் போதும். பள்ளி டப்பாவில் இதைத்தான் அவன் முதலில் காலி செய்தான்.

குடலில் சுருக்கம் இருப்பதாக ஸ்கேனில் சொல்லியிருந்தால் இன்னொரு எச்சரிக்கை. வாழைத்தண்டு, வாழைப்பூ, முருங்கைக்காய்ச் சக்கை, கீரைத்தண்டு, பாப்கார்ன் போன்றவை அங்கே அடைத்துக்கொள்ளலாம். நாரோடு இருப்பது உடம்புக்கு நல்லது என்று வளர்ந்தவர்கள் நாம், இங்கே அது செல்லாது.

படி 5: பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள்

நம்மூர் லேபிளில் சேர்க்கைப் பொருள்களுக்கு எண் போட்டிருப்பார்கள். 466, 433, 407 ஆகிய மூன்றையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 466 கார்பாக்ஸிமீதைல் செல்லுலோஸ், 433 பாலிசார்பேட் 80, 407 காராஜீனன். முதல் இரண்டும் எலிகளின் குடலில் சளிப் படலத்தை அரித்து அழற்சியைத் தூண்டியதாக ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். ஐஸ்கிரீம், கேக், ஃபிளேவர் போட்ட பால் போன்றவற்றில் இவற்றைத் தேடுங்கள். நான் ஏமாந்தது பெருங்காயத்தில். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். ஐந்து நாள் ரசத்தில் போட்ட பிறகுதான் டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். ஃபார்முலாவிலேயே இப்படிச் சில பொருள்கள் இருக்குமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஆய்வுகளில் பலன் தந்தது அந்த ஃபார்முலாதான், அதை மாற்ற வேண்டாம் என்றார் டாக்டர்.

படி 6: ஒவ்வொன்றாகச் சேர்ப்பது

இரண்டாம் கட்டத்தில் பருப்பு கொஞ்சம், இன்னும் சில காய், பழம் என்று பட்டியல் விரியும். புதியது ஒன்றைக் கொடுத்தால் மூன்று நாள் வேறு புதியது வேண்டாம். ஒரே நாளில் இரண்டைச் சேர்த்து வயிறு வலித்தால் எதனால் என்று தெரியாது, பாவம் இரண்டையும் நிறுத்திவிடுவீர்கள். பயத்தில் நிறுத்தியது பிறகு திரும்ப வருவதே இல்லை. என் நோட்டில் தக்காளிக்கு எதிரே "வலி" என்று எழுதி ஒரு மாதம் ஒதுக்கினேன். மறுபடி கொடுத்தபோது ஒன்றும் ஆகவில்லை. அன்று அவனுக்குக் கணக்குப் பரீட்சை இருந்திருக்கிறது.

சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் தானியமே கூடாது என்ற உணவுமுறையை அனுப்புவார்கள். அரிசி, கிழங்கு, சர்க்கரை எதுவுமே இல்லாதது. 2021-ல் வந்த ஒரு பெரிய ஆய்வில், குரோன்ஸ் உள்ள பெரியவர்களுக்கு அது மத்தியதரைக்கடல் உணவைவிடக் கூடுதலாக எதுவும் செய்யவில்லை. வளரும் பிள்ளைக்கு அவ்வளவு கழிப்பதில் எடை குறையும் ஆபத்து உண்டு. நான் தொடவில்லை.

வீட்டிலும் பள்ளியிலும்

என் மாமியார், "ஒரு வாய் ரசஞ்சாதம் சாப்பிட்டா பிள்ளைக்கு என்னம்மா ஆயிடும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வாதம் செய்து பயனில்லை. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, "அத்தை, நீங்களும் வாங்க" என்று கூட்டிப்போனேன். ஸ்கோப் படத்தில் புண்ணைக் காட்டினார்கள். திரும்பி வந்து அவரே மாலை வேளை ஃபார்முலாவைக் கலக்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டார். பள்ளிக்கு டாக்டர் கடிதம் ஒன்று கொடுங்கள். பாத்ரூம் போக அனுமதி கேட்டுக் காத்திருக்க வைக்கக் கூடாது என்பதையும் அதில் எழுதச் சொல்லுங்கள்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவை: பச்சை நிற வாந்தி, வயிறு உப்பி காற்றுகூடப் பிரியாமல் இருப்பது, அதிக ரத்தம், காய்ச்சலோடு வலி, ஆசனவாய் அருகே வீக்கம். இரண்டு வாரம் தொடர்ந்து எடை இறங்கினால் அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் போன் செய்யுங்கள்.

சாப்பாட்டுக்குத் திரும்பிய ஒன்பதாம் வாரத்தில் நண்பன் பிறந்தநாளில் அவன் சமோசா தின்றுவிட்டு வந்து, சட்டைப் பொத்தானைத் திருகியபடி சொன்னான். திட்டினால் அடுத்த முறை சொல்ல மாட்டான் என்று எனக்குத் தெரியும். நோட்டில் "சமோசா 1, மாலை 5 மணி" என்று அவனையே எழுதச் சொன்னேன். அடுத்த வேளையிலிருந்து பட்டியலுக்குத் திரும்பினோம். 12-ஆம் வாரம் கால்ப்ரொடெக்டின் 180 வந்தது. அந்த வாரம்தான் மறுபடி உளுந்து ஊறப்போட்டேன்.