பதற்ற நோய் மாத்திரையை மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருந்து மாறிய மூன்றாம் நாள் காலை, என் தங்கை மாடிப்படியின் நடுவில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். தலையைத் திருப்பும்போதெல்லாம் மண்டைக்குள் மின்சாரம் சுரீரென்று பாய்ந்து அடங்குவதுபோல் இருக்கிறது என்றாள். கூடவே குமட்டல், தூக்கமின்மை, தொட்டதற்கெல்லாம் அழுகை. “புது மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை அண்ணா” என்றாள். புது மாத்திரையின் மேல் தவறே இல்லை. இரண்டு ஆண்டுகளாகச் சாப்பிட்டுவந்த வென்லாஃபாக்ஸினை அவள் ஒரே இரவில் நிறுத்தியிருந்தாள். அதைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்று மருந்துச் சீட்டிலேயே எழுதியிருந்தது. புதிதாக ஒன்று வந்துவிட்டதே, பழையது இனி எதற்கு என்று அவளாகவே முடிவுசெய்துவிட்டாள்.

பதற்ற நோய்க்கு நீண்ட நாள் மருந்து சாப்பிடுகிறவர்களில் பலருக்கு ஒரு கட்டத்தில் மருந்தை மாற்றவேண்டி வருகிறது. முதல் மருந்து போதிய பலன் தராமல் போகலாம், எடை கூடலாம், தாம்பத்திய உறவில் நாட்டம் குறையலாம். மாற்றுவதில் பிழையில்லை. ஆனால் அதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன: ஒன்றை உடலிலிருந்து இறக்க வேண்டும், இன்னொன்றை ஏற்ற வேண்டும். இரண்டுக்கும் வேகம் வேறு. நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை இதை ஒரே வேலையாக நினைத்ததால் வந்தவை.

பழையதைச் சட்டென்று நிறுத்துவது

இரத்தத்தில் ஒரு மருந்தின் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம் மருந்துக்கு மருந்து மாறும். வென்லாஃபாக்ஸினுக்குச் சுமார் 5 மணி நேரம். உடலுக்குள் அது மாறி உருவாகும் பொருளுக்குச் சுமார் 11 மணி நேரம். பராக்ஸிடினுக்கு ஏறக்குறைய ஒரு நாள். அதனால் இவற்றில் ஒரு வேளை தவறினாலே சிலருக்குத் தலை சுற்றும். ஃபுளூவாக்ஸ்டின் இதற்கு நேர்மாறு. நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் உடலில் தங்கும். ஆகவேதான் ஒருவருக்கு மறுநாளே புதியதைத் தொடங்குகிறார்கள், இன்னொருவருக்குப் பழையதைக் குறைத்துக்கொண்டே புதியதைக் கூட்டுகிறார்கள், வேறொருவரைச் சில நாள் இடைவெளி விடச் சொல்கிறார்கள். எம்.ஏ.ஓ. தடுப்பான்கள் என்ற பழைய வகை மருந்துக்கு மாறுவதானால் பொதுவாக 14 நாள் இடைவெளி வேண்டும். ஃபுளூவாக்ஸ்டினிலிருந்து மாறினால் 5 வாரம். தெரிந்தவருக்கு எழுதிக்கொடுத்த அட்டவணையை அப்படியே எடுத்துக்கொள்வது ஏன் ஆபத்து என்பது இதிலிருந்தே புரியும்.

“மெதுவாகத்தான் குறைக்கிறேன்” என்று ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடுகிறவர்களும் உண்டு. உடலிலிருந்து சீக்கிரம் வெளியேறும் மருந்தில் இது ஒன்றுவிட்ட நாள்தோறும் புதிதாக நிறுத்துவதற்குச் சமம். தினமும் சாப்பிட்டு, அளவைக் குறைப்பதே வழி.

கடைசிப் படியில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். 20 மில்லிகிராமிலிருந்து 10-க்கு எந்தச் சிரமமும் இல்லாமல் வந்துவிட்டோம், இனி நிறுத்திவிடலாம் என்று தோன்றும். மூளைச் செல்களுக்கிடையே செய்தி கடத்தும் செரோடோனின் என்ற வேதிப்பொருளைக் கூட்டும் மருந்துகள் வழக்கமான சிகிச்சை அளவிலேயே மூளையில் தமக்குரிய இலக்கில் ஏறத்தாழ 80 விழுக்காட்டைப் பிடித்துக்கொள்கின்றன. அளவை இரட்டிப்பாக்கினால் கொஞ்சம்தான் கூடும்; பாதியாக்கினால் கொஞ்சம்தான் குறையும். சிறிய அளவிலிருந்து சுழியத்துக்குப் போகும்போதுதான் பிடி மொத்தமாக விடுபடுகிறது. எனவே முடிவில்தான் படிகள் இன்னும் சிறியதாக வேண்டும். இதற்காக மெல்லக் கரையும் வகை மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. மொத்த மருந்தும் ஒரேயடியாக இறங்கிவிடும். திரவ வடிவிலோ சிறிய அளவிலோ அதே மருந்து கிடைக்குமா என்று கேளுங்கள்.

“0.5 தானே” என்று நினைப்பது

இந்தப் பகுதியை மட்டுமாவது தயவுசெய்து பொறுமையாகப் படியுங்கள். அல்பிரசோலம், குளோனசிபாம், லோரசிபாம், டயசிபாம் ஆகியவை வேறொரு குடும்பம். சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள்ளேயே நெஞ்சு அமைதியாகும். மாதக்கணக்கில் சாப்பிட்டால் உடல் இவற்றுக்குப் பழகிவிடும். பிறகு திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், வியர்வை, தூக்கமே வராத இரவுகள், சிலருக்கு வலிப்பு. உயிருக்கே ஆபத்தாகலாம். பழக்கத்துக்கு அடிமையாவது, நிறுத்தும்போது வரும் விளைவுகள் ஆகியவற்றையும் சேர்த்து, இம்மருந்துகளின் தகவல் தாளில் உள்ள எச்சரிக்கைக் கட்டத்தை விரிவாக்கும்படி 2020-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் உத்தரவிட்டது.

“இப்போது எஸ்சிடலோபிராம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், இனி அல்பிரசோலம் வேண்டாம்” என்று அன்றே நிறுத்துவதைவிடப் பெரிய தவறு இந்த விஷயத்தில் இல்லை. எஸ்சிடலோபிராமோ, பதற்றத்துக்கே தரப்படும் பஸ்பிரோன் என்ற இன்னொரு மருந்தோ அந்த இடத்தை நிரப்பாது. வேலை செய்யும் வழியே வேறு. அதிலும் இவை பலன் தரவே வாரங்கள் ஆகும்.

அட்டையில் இருக்கும் எண்ணும் ஏமாற்றும். அல்பிரசோலம் 0.5 மில்லிகிராம், பரவலாகப் பயன்படும் ஓர் ஒப்பீட்டின்படி, டயசிபாம் 10 மில்லிகிராமுக்கு இணை. எண் சிறியது என்பதால் மருந்து லேசானது என்று பொருளில்லை. ஒவ்வொரு முறையும் அப்போதைய அளவில் 5 முதல் 10 விழுக்காடு குறைத்து, அடுத்த படிக்கு இரண்டு முதல் நான்கு வாரம் விடுவது மருத்துவர்கள் தொடங்கும் வழிகளில் ஒன்று. மாதங்கள் ஆகலாம். இடையில் மதுவோ, ஓபியாய்டு வகை வலி மருந்துகளோ சேர்ந்தால் மூச்சே தடைபடலாம்.

புதியதை அவசரப்பட்டுக் கைவிடுவது

செர்ட்ராலின், எஸ்சிடலோபிராம் போன்ற செரோடோனின் மருந்துகளின் முதல் வாரத்தில் படபடப்பு குறைவதற்குப் பதில் கூடவும் கூடும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், பதற்ற நோய் உள்ளவர் அந்த வாரத்தைத் தாண்டுவது கடினம். பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். முழுப் பலனுக்கு அதற்கும் மேல். பத்தாம் நாள் “இதுவும் சரியில்லை” என்று அடுத்த மருந்துக்குத் தாவினால், நல்ல மருந்துகளையே ஒவ்வொன்றாகத் தோற்றவற்றின் பட்டியலில் சேர்த்துவிடுவோம்.

இந்த வாரங்களில் ஒரு சிரமம் வந்தால் அதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம்: பழையது விலகுவது, புதியதன் பக்க விளைவு, நோய் திரும்புவது. விலகல் அறிகுறி பெரும்பாலும் சில நாட்களிலேயே தலைகாட்டும். மின்னதிர்ச்சி, தலைச்சுற்றல் என்று முன்பு அறியாத ஒன்றாக இருக்கும். நோய் திரும்பினால் பழகிய முகத்தோடு, வாரக்கணக்கில் மெல்ல வரும். விலகலிலும் பதற்றம் வருவதால் நினைவை நம்ப முடியாது, குறித்துவைக்க வேண்டும். தங்கை ஒரு பழைய நோட்டில் தேதி, அளவு, தூக்கம், அன்று என்ன செய்தது என்று ஒரு வரி எழுதினாள். அவள் மருத்துவர் அதைப் பார்த்துவிட்டு வென்லாஃபாக்ஸினைப் பழைய அளவில் மறுபடி தொடங்கச் சொன்னார். இரண்டே நாளில் அந்த மின்னதிர்ச்சி நின்றது. அது விலகல்தான் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியிருக்கவில்லை. பிறகு பல வாரங்கள் எடுத்து மெதுவாக இறக்கினார்கள்.

மற்ற மருந்துகளைச் சொல்லாமல் விடுவது

வலிக்கு டிராமடால், சில இருமல் மருந்துகளில் உள்ள டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன், ஒற்றைத் தலைவலிக்கான சில மாத்திரைகள், மூலிகை என்று வாங்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட்: இவை செரோடோனின் மருந்துகளோடு சேரும்போது செரோடோனின் அளவுக்கு மீறலாம். நடுக்கம், வியர்வை, வயிற்றுப்போக்கு, காய்ச்சல், தசை இறுக்கம், குழப்பம் என்று சில மணி நேரத்திலேயே தொடங்கும். சென்ற மாதம் நிறுத்திய மருந்தையும் சொல்லுங்கள்; ஃபுளூவாக்ஸ்டின் இன்னும் உள்ளே இருக்கலாம்.

பழைய அட்டையும் புதிய அட்டையும் ஒரே டப்பாவில் கிடப்பது சாதாரணமாகத் தெரியும். ஆனால் ஒரே மருந்து இரண்டு வணிகப் பெயர்களில் வரும். இரண்டையும் சாப்பிட்டுவிட்டுத் தெரியாமலே இரட்டை அளவில் இருப்பவர்கள் உண்டு. அட்டையில் சிறிய எழுத்தில் இருக்கும் மூலப்பெயரைப் படியுங்கள்.

கருவுற்றிருப்பது தெரிந்தவுடன் பயந்து தானாக நிறுத்துவதும் வேண்டாம்; அன்றே மருத்துவரிடம் பேசுங்கள். வலிப்பு, காய்ச்சலோடு தசை இறுக்கம், தற்கொலை எண்ணம் ஆகியவற்றுக்கு உடனே அவசர சிகிச்சை வேண்டும். 25 வயதுக்குக் கீழானவர்களை, மருந்து தொடங்கும்போதும் அளவு மாறும்போதும், வீட்டில் ஒருவர் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

மருத்துவர் புதிய சீட்டை நீட்டும்போது எழுந்துவிடாதீர்கள். பழையதை எந்தத் தேதியில் எவ்வளவு குறைப்பது, புதியதை எந்தத் தேதியில் எவ்வளவு கூட்டுவது, பலனை எத்தனை வாரம் கழித்து எடைபோடுவது, நடுவில் தாங்க முடியாமல் போனால் யாரை எந்த எண்ணில் அழைப்பது: இந்த நான்கையும் அங்கேயே உட்கார்ந்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.