ஸ்பானிஷ் வினைச்சொல்லும் வினையடையும்: தொடக்கப் படிகள்

ஸ்பானிஷ் படிக்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் 'யோ, தூ, எல், எய்யா' என்று நான், நீ, அவன், அவளைத்தான் முதலில் மனப்பாடம் செய்கிறார்கள். அதற்கு அவசரமே இல்லை. 'பேசுகிறேன்' என்றாலே யார் பேசுவது என்று தமிழில் தெரிந்துவிடுகிறதே, ஸ்பானிஷிலும் அப்படித்தான். விகுதியைப் பிடியுங்கள்.

படி 1. அகராதியில் வினைச்சொல் ஆர், ஏர், ஈர் என்ற மூன்றில் ஒன்றில் முடியும்: அப்லார் (பேசு), கொமேர் (சாப்பிடு), பிபீர் (வாழ்).

படி 2. அந்த முடிவை எடுத்துவிட்டு விகுதியைச் சேருங்கள்.

அப்லோ – பேசுகிறேன்
அப்லாஸ் – பேசுகிறாய்
அப்லா – பேசுகிறான், பேசுகிறாள்
அப்லாமோஸ் – பேசுகிறோம்
அப்லான் – பேசுகிறார்கள்

ஆண், பெண் வேறுபாடு விகுதியில் இல்லை. பெரியவர் ஒருவரிடம் 'நீங்கள்' என்று பேசும்போதும் இதே 'அப்லா'தான் வரும். அங்கே மட்டும் 'உஸ்தெத் அப்லா' என்று சேர்த்தே சொல்லுங்கள், இல்லாவிட்டால் அவனா நீங்களா என்று குழம்பும். ஸ்பெயினில் நண்பர்கள் பலரை அழைக்கத் தனி விகுதி உண்டு. லத்தீன் அமெரிக்காவில் அது வழக்கில் இல்லை, அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

கொமேர்: கோமோ, கோமெஸ், கோமெ, கொமேமோஸ், கோமென். பிபீரும் இதே வரிசைதான், 'வாழ்கிறோம்' மட்டும் பிபீமோஸ்.

படி 3. இனி வினையடை. தமிழில் 'ஆக' செய்யும் வேலையை இங்கே 'மென்தே' செய்கிறது. லெந்தோ என்றால் மெதுவான. அதன் பெண்பால் வடிவம் லெந்தா. அதோடு சேர்த்தால் லெந்தாமென்தே, மெதுவாக. 'மென்தே' லத்தீனில் மனத்தைக் குறித்த பெண்பால் பெயர்ச்சொல்லிலிருந்து வந்தது, அதனால்தான் முன்னால் பெண்பால் வடிவம் கேட்கிறது. நன்றாக என்பதற்கு 'பியென்', மோசமாக என்பதற்கு 'மால்'. இவற்றுக்கு மென்தே வேண்டாம்.

யார் பேசினாலும் வினையடை மாறாது. ஆனால் இடம் மாறும், தமிழ்ப் பழக்கத்தை விடவேண்டிய இடம் இதுதான். நாம் 'மெதுவாகப் பேசுகிறேன்' என்போம். அவர்கள் 'அப்லோ லெந்தாமென்தே' என்பார்கள். வினை முதலில், வினையடை பிறகு.

படி 4. முய், மூச்சோ இரண்டையும் பிரித்துப் பழகுங்கள். வினைக்குப் பின்னால் மூச்சோ: 'கோமோ மூச்சோ', நிறையச் சாப்பிடுகிறேன். இன்னொரு வினையடைக்கு முன்னால் முய்: 'முய் பியென்', மிக நன்றாக.

சரி, காந்தார் என்றால் பாடு. 'மிக நன்றாகப் பாடுகிறோம்' என்று நீங்களே சொல்லிப் பாருங்கள்.

விடை: காந்தாமோஸ் முய் பியென்.