காரின் ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் நம் சாலைக்கு ஏற்றபடி செட் செய்வது எப்படி?

என் ஸ்விஃப்டில் அட்ஜஸ்ட் செய்யக்கூடிய ஷாக்கும் கொஞ்சம் விறைப்பான ஸ்பிரிங்கும் மாட்டினேன். வண்டி நான் நினைத்தபடி ஓட இரண்டு மாதம் பிடித்தது. உங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அமுங்கி எழுந்த ஸ்பிரிங் ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குவது ஷாக். ஸ்பிரிங் தவறாக இருந்தால் ஷாக்கை எவ்வளவு இறுக்கினாலும் சரியாகாது. அதனால் முதலில் ஸ்பிரிங், அப்புறம்தான் ஷாக்.

1. அளவெடுங்கள். டயரில் காற்றைச் சரிபார்த்து, வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே ஃபெண்டர் விளிம்பு வரை நான்கு பக்கமும் டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். புஷ் போல்ட்டைப் பிட் இல்லாமல் இறுக்குபவர்களுக்கு இந்த நான்கு எண்களும் வேண்டும்; கடைசியில் பின்சேர்க்கையில் சொல்கிறேன்.

2. ஸ்பிரிங் தேர்வு. ஒரு முன்சக்கரத்தின் மேல் 300 கிலோ இறங்குகிறது என்று வையுங்கள். சக்கரம், பிரேக் எல்லாம் 35 கிலோ போனால் ஸ்பிரிங் தாங்குவது 265 கிலோ. சாலையில் ஓடும் காருக்கு நொடிக்கு 1 முதல் 1.5 ஆட்டம் வரை சுகமாக இருக்கும். 1.3 வேண்டுமென்றால் ஒரு மில்லிமீட்டர் அமுங்கச் சுமார் 1.8 கிலோ கேட்கும் விறைப்பு போதும். அதே இடத்தில் 6 கிலோ ஸ்பிரிங்கைப் போட்டால் 2.4 ஆகிவிடும், பின் சீட்டில் அம்மாவை உட்காரவைத்து ஊருக்குப் போக முடியாது.

பின்பக்கம் முன்பக்கத்தைவிடச் சற்று வேகமாக ஆட வேண்டும். மேட்டில் முன்சக்கரம் முதலில் ஏறுகிறது. பின்னால் ஏறும் சக்கரம் அந்த ஆட்டத்தை எட்டிப் பிடித்தால்தான் வண்டி முன்னும் பின்னுமாகத் தலையாட்டாது. ஜெனரல் மோட்டார்ஸில் மாரிஸ் ஆலி 1930களிலேயே இதைச் சோதித்துக் காட்டினார்.

உயரத்தைக் குறைக்க ஸ்பிரிங்கை வெட்டவே வெட்டாதீர்கள்.

3. புஷ் போல்ட். சக்கரத்தை வண்டியின் உடலோடு கீழே இணைக்கும் கை லோயர் ஆர்ம்; அது உடலில் மாட்டும் இடத்தில் உள்ள ரப்பர் புஷ், அதன் நடுவே போவது இந்த போல்ட். நான் சிக்கியது இங்கேதான். புது ஷாக் மாட்டிய பிறகும் சின்னப் பள்ளத்தில்கூட வண்டி கட்டை மாதிரி குதித்தது. ஷாக் மேல் பழிபோட்டுத் திருகைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். கடைசியில் கீழே படுத்துப் பார்த்தால், லோயர் ஆர்ம் புஷ்ஷின் ரப்பர் ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு, ஓரத்தில் மயிரிழை வெடிப்புடன் இருந்தது. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கியிருந்தார்கள். அந்த நிலையில் இறுக்கினால் ரப்பர் அங்கேயே பிடித்துக்கொள்ளும். வண்டி தரையில் இறங்கியதும் அது முறுக்கேறி இன்னொரு ஸ்பிரிங் போல எதிர்க்கும்.

போல்ட்டைக் கையால் மட்டும் பூட்டி, வண்டியைச் சக்கரத்தின் மேல் இறக்கி, நாலு தடவை அழுத்தி விட்டு, அதன் பிறகு டார்க் ரெஞ்ச்சால் (குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் ஸ்பேனர்) மேனுவலில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். என்னிடம் இருப்பதிலேயே அதிகம் பயன்பட்ட கருவி டார்க் ரெஞ்ச்தான். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸரை மட்டும் பழகியவர் கையில் கொடுத்துவிடுங்கள். அது நழுவினால் உயிருக்கே ஆபத்து.

4. ஷாக் திருகு. முழுக்க இறுக்கி, அங்கிருந்து எத்தனை க்ளிக் தளர்த்துகிறோம் என்று எண்ணுங்கள். நடுவில் தொடங்கி ஒரே சாலையில், ஒரே வேகத்தில், அதே ஆட்களுடன் ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் முன்பக்கமோ பின்பக்கமோ ஒன்றை மட்டும், இரண்டு க்ளிக் மாற்றுங்கள்.

எங்கள் ரயில்வே கேட்டுக்கு அப்பால் அடுத்தடுத்து மூன்று வேகத்தடைகள் உண்டு. அவற்றைத் தாண்டியபின்னும் வண்டி மிதந்தால் ரீபவுண்ட் (அமுங்கிய ஸ்பிரிங் திரும்ப நீளும்போது ஷாக் கொடுக்கும் தடை) போதவில்லை. முதல் தடை மென்மையாகவும் மூன்றாவது ‘டொம்’ என்றும் அடித்தால் ரீபவுண்ட் அதிகம்: ஸ்பிரிங் முழுதாக நீள்வதற்குள் அடுத்த மேடு வந்துவிடுகிறது, வண்டி படிப்படியாகத் தாழ்கிறது. பலர் இதை ஷாக் தளர்ந்துவிட்டது என்று நினைத்து மேலும் இறுக்குகிறார்கள். தளர்த்த வேண்டும்.

முடிந்ததும் வீல் அலைன்மென்ட். உயரம் மாறினால் டோ (சக்கரங்கள் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் கோணம்) மாறும், டயர் ஓரம் தேயும்.

பின்சேர்க்கை: வண்டிக்கு அடியில் நின்று வேலை செய்யும் பள்ளம் (பிட்) இல்லாதவர்கள் புஷ் போல்ட்டை எப்படி இறுக்குவது என்று கேட்டிருந்தீர்கள். வண்டியை ஸ்டாண்டில் வைத்து, லோயர் ஆர்மின் வெளி முனையில், அது சக்கரத்தோடு சேரும் பால் ஜாயிண்டுக்குப் பக்கத்தில், ஜாக்கி கொடுத்து மெல்லத் தூக்குங்கள். முதல் படியில் எழுதிய அளவு வரும்போது இறுக்குங்கள். ஸ்பிரிங் மாற்றி உயரம் குறைந்திருந்தால் பழைய எண் ஆகாது; ஒரு முறை தரையில் இறக்கிப் புதிதாக அளந்துகொள்ளுங்கள்.