கொக்கனி மீன் பிடிக்கப் படகில் செல்லும் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொக்கனி என்பது கடலுக்குச் செல்லாமல் நன்னீரிலேயே வாழ்ந்து முடிக்கும் சாக்கை (sockeye) எனும் சால்மன் மீன் வகை. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தின் ஷெலான் ஏரி, ஒரேகானின் ஓடெல் ஏரி, ஐடஹோவின் பாண்ட் ஒரே ஏரி போன்ற ஆழமான, குளிர்ந்த ஏரிகளில் இது கூட்டம் கூட்டமாகத் திரிகிறது. கோடை விடுமுறையில் இந்தக் கரைகளில் கூடாரமடித்துத் தங்கி, படகில் மீன்பிடிக்கச் செல்லும் குடும்பங்கள் ஏராளம். சியாட்டில் வட்டாரத்துத் தமிழர்களுக்கும் ஷெலான் ஏரி காரில் சில மணி நேரத் தொலைவுதான். வெறுங்கையோடு திரும்புகிறவர்களின் தவறுகளைக் கூர்ந்து பார்த்தால், அவற்றுள் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வேர் விட்டிருப்பது தெரியும்: ஏரியின் நேரத்துக்கேற்பத் தங்கள் நாளை அமைத்துக்கொள்ளாமல், விடுமுறையின் நேரத்துக்கு ஏரி இணங்கிவரும் என்று எண்ணிவிடுகிறார்கள்.

சாவகாசமாகச் சிற்றுண்டியை முடித்துக்கொண்டு பத்து மணிக்குப் படகை இறக்குவதில் இது தொடங்குகிறது. கொக்கனியின் முக்கிய உணவு டாஃப்னியா போன்ற மிகச் சிறிய மிதவை உயிரினங்கள். இவை மங்கிய ஒளியில் மேலேறி வருபவை, வெயில் ஏற ஏற ஆழத்துக்கு இறங்குபவை. மீனும் அவற்றைத் தொடர்ந்தே நகர்கிறது. எனவே விடியலை ஒட்டிய இரண்டு மூன்று மணி நேரம்தான் பொன்னான நேரம். ஜூலையில் அங்கே ஐந்து மணி சுமாருக்கே பொழுது விடிந்துவிடுவதால், தூண்டில்களைக் கட்டி முடிப்பதும் இரை ஊறவைப்பதும் முந்தைய இரவே நடந்துவிட வேண்டும். இட்லியோ ரொட்டியோ கட்டிக்கொண்டு போய்ப் படகிலேயே சாப்பிடலாம். மிகச் சிறிய குழந்தைகளைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் குளிரில் கொண்டுபோவதைவிட, பெரியவர் ஒருவர் அவர்களுடன் கூடாரத்திலேயே இருப்பது நல்லது என்பது என் கருத்து.

அடுத்தது ஆழத்தைப் பற்றிய தவறு. கோடையில் ஏரியின் மேல்நீர் 20 டிகிரி செல்சியஸையும் தாண்டிச் சூடேறும்போது, கொக்கனி விரும்புவதோ ஏறத்தாழ 10 முதல் 13 டிகிரி வரையிலான குளிர்நீரை. சூடான மேல்நீருக்கும் குளிர்ந்த அடிநீருக்கும் இடையே, சில அடிகளுக்குள்ளாகவே வெப்பம் சட்டென்று இறங்கும் ஓர் அடுக்கு உருவாகிவிடுகிறது. மீன் கூட்டம் அந்த அடுக்கை ஒட்டியே கிடக்கும். ஜூன் மாதத்தில் நாற்பது ஐம்பது அடியில் கிடைத்த மீன், ஆகஸ்டில் எண்பது நூறு அடிக்கும் கீழே போயிருக்கக்கூடும். ஆகவே கரையில் நின்று தூண்டில் வீசிப் பயனில்லை. படகை மெல்லச் செலுத்தியபடி இரையை ஆழத்தில் இழுத்துச் செல்லும் ட்ரோலிங் முறையே இதற்கு ஏற்றது. எட்டு அல்லது பத்து பவுண்டு எடையுள்ள ஈயக் குண்டைக் கம்பியில் இறக்கி, தூண்டில் நரம்பைக் குறிப்பிட்ட ஆழத்தில் நிறுத்தும் டவுன்ரிக்கர் என்ற கருவி இருந்தால், வேண்டிய ஆழத்தை அடிக்கணக்கில் பிடித்துவைக்கலாம். அது இல்லாதவர்கள் ஈயம் கோத்த நரம்பைப் பயன்படுத்தலாம். மீன்காட்டும் சோனார் திரையில் கூட்டம் தெரிகிற ஆழத்துக்குச் சற்று மேலே இரை செல்லும்படி வைப்பதே வழக்கம். இந்த மீன் தனக்கு மேலே செல்வதை நோக்கி எழும்பி வருமே தவிர, கீழே இறங்கித் தேடுவது அரிது. திரையில் எதுவுமே தெரியாத இடத்தில், காட்சி அழகாக இருக்கிறது என்பதற்காக மணிக்கணக்கில் சுற்றிக்கொண்டிருப்பது பிள்ளைகளின் ஆர்வத்தைத்தான் கொல்லும்.

தூண்டிலைக் கட்டும் விதத்தில் நடக்கும் பிழைகள் நுணுக்கமானவை. கொக்கனி பசிக்காக மட்டும் கடிப்பதில்லை. தன் எல்லைக்குள் நுழைந்து சீண்டும் பொருளைச் சினத்தோடு தாக்குகிறது என்பதே அனுபவமுள்ளவர்களின் கணிப்பு. அதனால்தான் டாட்ஜர் எனப்படும் மின்னும் தகட்டை முன்னே விட்டு, அதன் பின்னே இளஞ்சிவப்பு அல்லது ஆரஞ்சு நிறச் சிறு ரப்பர் கணவாயைக் கட்டுகிறார்கள். அந்தக் கணவாய்க்குத் தனியாக அசைவு இல்லை. தகட்டின் ஆட்டமே அதற்கும் உயிர் தருகிறது. இடையிலுள்ள நரம்பை மூன்று நான்கு அடி நீளமாக விட்டுவிட்டால் அந்த ஆட்டம் பாதி வழியிலேயே அடங்கிவிடும். பத்து முதல் பதினான்கு அங்குலம் வரை போதுமானது. தகடு பக்கவாட்டில் வாலாட்டுவதுபோல் அசைய வேண்டும். அது முழுச் சுற்றாகச் சுழன்றால் வேகம் அதிகம் என்று பொருள். தண்ணீருக்குள் இறக்குமுன் படகின் பக்கத்திலேயே ஒருமுறை இழுத்துப் பார்த்துவிடலாம். மணிக்கு 1 முதல் 1.5 மைல் வரையிலான வேகம் பெரும்பாலும் பொருந்தும். நேர்கோட்டில் செல்வதைவிட வளைந்து வளைந்து செல்வது நல்லது: திரும்பும்போது வெளிப்பக்கத் தூண்டில் வேகமெடுக்கும், உட்பக்கத் தூண்டில் தளரும், எந்தப் பக்கம் மீன் கடிக்கிறது என்பதைப் பார்த்து வேகத்தைத் திருத்திக்கொள்ளலாம். தூண்டில் முள்ளில் பூண்டுச் சாறோ சூரை எண்ணெயோ ஊட்டிய வெள்ளை மக்காச்சோள மணி ஒன்றைக் கோப்பது இந்த மீனுக்கே உரிய பழக்கம். ஆனால் சோளத்தை இரையாகப் பயன்படுத்த எல்லா மாநிலங்களிலும் ஏரிகளிலும் அனுமதி இல்லை; அந்தந்த ஏரியின் விதியை முன்கூட்டியே படித்துவிட வேண்டும். சால்மன் இனத்துக்கு மோப்பம் மிகக் கூர்மையானது என்பதால், பிள்ளைகளுக்கு வெயில் களிம்பு தடவிய கையாலோ பெட்ரோல் படிந்த கையாலோ இரையைத் தொடக் கூடாது.

மீன் மாட்டியதும் நிகழும் தவறு எல்லோருக்கும் பொதுவானது. படகிலுள்ள அத்தனை பேரும் "இழு, இழு" என்று கூவ, தூண்டிலைப் பிடித்திருக்கும் குழந்தை முழு வலுவோடு இழுக்க, முள் வாயைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். கொக்கனியின் வாய் அவ்வளவு மென்மையானது. நன்றாக வளையும் மெல்லிய தடி, இறுக்காமல் தளர்த்திவைத்த ரீல், நரம்பைத் தொய்யவிடாத நிதானம் ஆகியவையே இதற்குத் தேவை. மீன் துள்ளும், உருளும், படகுக்கடியில் பாயும். அதன் போக்கில் சற்று விட்டுப் பிடிக்கக் குழந்தைக்குக் கற்றுத்தர வேண்டும். நரம்பைப் பிடித்து அப்படியே தூக்காமல், நீருக்குள்ளேயே கைவலையை நுழைத்து எடுக்க வேண்டும்.

சிறிய மீனை விட்டுவிட்டுப் பெரியதைத் தேடும் ஆசையையும் அடக்கியாக வேண்டும். கொக்கனியின் செதில்கள் எளிதில் உதிர்பவை. குளிர்ந்த ஆழத்திலிருந்து சூடான மேல்நீருக்கு இழுத்துவரப்பட்ட மீனை விடுவித்தாலும், அது பிழைப்பது உறுதியில்லை. அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை கிடைத்ததும் தூண்டிலைச் சுருட்டிவிடுவதே நேர்மை. ஓடெல் ஏரிக்குச் செல்பவர்கள் புல் ட்ரௌட் என்ற மீனை அடையாளம் காணவும் கற்றிருக்க வேண்டும். 1999 முதல் நாடு முழுவதும் சட்டப் பாதுகாப்புப் பெற்றுள்ள அந்த மீன் தவறிச் சிக்கினால், நீரைவிட்டு வெளியே எடுக்காமலே விடுவித்துவிட வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட நான் கவலையோடு சொல்ல விரும்புவது காற்றைப் பற்றியும் குளிரைப் பற்றியும்தான். ஷெலான் ஏரி ஏறத்தாழ 50 மைல் நீளமும் 1,486 அடி ஆழமும் கொண்ட, மலைகளுக்கிடையே குறுகிக் கிடக்கும் ஏரி. பிற்பகலில் காற்று அந்த மலையிடுக்கு வழியாக நீளவாக்கில் வீசத் தொடங்கினால், சிறிய படகைப் புரட்டக்கூடிய அலைகள் எழும். பல இடங்களில் ஒதுங்குவதற்குக் கரையும் கிடைக்காது, செங்குத்தான பாறைதான். ஆகவே விடியலில் புறப்பட்டு முற்பகலிலேயே கரை சேர்வது மீனுக்காக மட்டுமல்ல, உயிருக்காகவும்தான். வெளியே கொளுத்தும் வெயிலைக் கண்டு நீரும் இதமாக இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. கோடையின் தொடக்கத்தில் அது உறையவைக்கும் குளிராகவே இருக்கும். திடீரென்று குளிர்நீரில் விழுபவர் மூச்சுத் திணறித் தண்ணீரை உள்ளிழுத்துவிடுவார்; நீச்சல் தெரிந்தவருக்கும் இது நேரும். வாஷிங்டனில் 19 அடிக்குக் குறைவான படகு ஓடும்போது, 12 வயதும் அதற்குட்பட்டவர்களும் உயிர்காப்பு அங்கி அணிந்தே இருக்க வேண்டும் என்பது சட்டம். பெரியவர்களும் அணிந்துகொள்ளட்டும், தண்ணீரில் விழும் குழந்தையைக் காப்பாற்றக் குதிக்கப்போவது அவர்கள்தானே.

என்ஜின் புகையைப் பலரும் நினைத்தே பார்ப்பதில்லை. மிக மெதுவாகப் படகு செல்லும்போது, பின்னாலிருந்து காற்று வீசினால் புகை படகுக்குள்ளேயே திரும்பி வந்து தேங்கும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பிள்ளைகளைப் பின்பக்கம் என்ஜினுக்கு அருகில் உட்காரவைக்க வேண்டாம். அவர்கள் தலைவலி, குமட்டல் என்று சொன்னால் படகு ஆடுவதால் வந்தது என்று ஒதுக்கிவிடாமல், உடனே நல்ல காற்றுள்ள பக்கம் திருப்ப வேண்டும்.

பிடித்த மீனை வாளித் தண்ணீரில் மதியம்வரை போட்டுவைப்பது அத்தனை உழைப்பையும் வீணாக்கிவிடும். கொக்கனியின் சிவந்த சதை கொழுப்பு மிகுந்தது. வெயிலில் விரைவாகக் குழைந்துவிடும். பிடித்தவுடன் செவுளை அறுத்து இரத்தத்தை வடியவிட்டு, ஐஸும் தண்ணீரும் கலந்த பெட்டியில் போட்டுவிட வேண்டும். மீனை எண்ணவும் அளக்கவும் இனம் காணவும் முடியாதபடி படகிலேயே துண்டு போடுவது விதிமீறலாகிவிடலாம். கரைக்கு வந்து ஆயும்போது, குடலையும் தலையையும் கூடாரத்தின் அருகே போடுவது கருங்கரடியை விருந்துக்கு அழைப்பதற்கு ஒப்பாகும். மீன் ஆய்வதற்கென்று ஒதுக்கிய இடமோ கரடி திறக்க முடியாத குப்பைத்தொட்டியோ எங்கே இருக்கிறது என்று முகாமுக்கு வந்ததுமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கூடாரத்துக்கான இடத்தைப் பொறுத்தவரை, வாஷிங்டன் மாநிலப் பூங்காக்களில் ஒன்பது மாதங்களுக்கு முன்பே முன்பதிவு தொடங்கிவிடுகிறது. ஜூனில் யோசித்தால் ஜூலைக்கு இடம் கிடைப்பது கடினம். உலர்ந்த கோடையில் விறகு மூட்டத் தடை விதிக்கப்படுவது வழக்கமாதலால், மீன் வறுக்கக் கேஸ் அடுப்பைக் கொண்டுசெல்ல வேண்டும். அந்த மாநிலத்தில் 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு மீன்பிடி உரிமம் தேவையில்லை என்றாலும், எண்ணிக்கை வரம்பு அவர்களுக்கும் உண்டு.

ஆகஸ்ட் இறுதிக்குப் பயணத்தைத் தள்ளிப்போடுவதும் உகந்ததன்று. அதற்குள் முதிர்ந்த மீன்கள் இனப்பெருக்கத்துக்குத் தயாராகத் தொடங்கி, வெள்ளி நிறம் மங்கிச் சிவந்து, சதையும் சுவை குன்றிவிடும். ஓடைவாயில் கூடும் அந்தச் செம்மீன்களைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். பிடிப்பதற்கு அவை அல்ல.

திரும்பும் வழியிலும் ஒரு கடமை இருக்கிறது. 2023 செப்டம்பரில் ஐடஹோவின் ஸ்நேக் ஆற்றில் குவாகா எனும் அயல் சிப்பி கண்டுபிடிக்கப்பட்டது. அது பரவினால் மிதவை உயிரினங்களை வடிகட்டி உண்டு, கொக்கனியின் உணவையே பறித்துவிடும். எனவே ஏரியை விட்டுக் கிளம்புமுன் படகையும் இழுவண்டியையும் கழுவி, உள்ளே தேங்கிய நீரை முழுவதும் வடித்து, வேறொரு நீர்நிலையில் இறக்குவதற்கு முன் நன்றாகக் காயவிட வேண்டும். நெடுஞ்சாலையில் படகுச் சோதனை நிலையம் திறந்திருந்தால், பிள்ளைகள் எவ்வளவு களைத்திருந்தாலும் வண்டியை அங்கே நிறுத்தியே ஆக வேண்டும், அது சட்டம்.