ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிப் பாருங்கள்

மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு கீக்கும் அடியில் ஒரு சுவிட்ச் இருக்கும். அதில் செர்ரி எம்எக்ஸ் கிளியர் என்ற வகை சுவிட்ச் விரலுக்குக் கனமாக இருந்தால் புது சுவிட்ச் வாங்க வேண்டாம். அதைத் திறந்து ஸ்பிரிங்கை மட்டும் 62 அல்லது 65 கிராம் ஸ்பிரிங்காக மாற்றினால் போதும். கீபோர்டு பிரியர்கள் இதை எர்கோ கிளியர் என்பார்கள்.

அழுத்தும்போது விரலில் தட்டுப்படும் அந்தச் சின்ன மேடு ஸ்பிரிங்கால் வருவதில்லை. நடுவில் மேலும் கீழும் நகரும் ஸ்டெம் என்ற பிளாஸ்டிக் துண்டின் கால்கள் உள்ளே உள்ள உலோகத் தகட்டில் உரசித் தாண்டுவதால் வருகிறது. அதனால் ஸ்பிரிங் லேசானால் கனம்தான் குறையும், மேடு அப்படியே இருக்கும். சொல்லப்போனால் இன்னும் தெளிவாகத் தெரியும். செர்ரியின் இன்னொரு வகையான எம்எக்ஸ் பிரவுன் சுவிட்ச் வைத்திருப்பவர்கள் அதில் கிளியர் ஸ்டெம்மையும் இந்த ஸ்பிரிங்கையும் சேர்த்துப் போடலாம். பிரவுனின் பழைய ஸ்பிரிங்கையே விட்டுவிட்டால் கீ மேலே திரும்ப மந்தமாகும், சில சமயம் சிக்கிக்கொள்ளும். அப்புறம், ஸ்டெம்மின் கால்களில் மட்டும் கிரீஸ் தடவாதீர்கள், மேடு மழுங்கிவிடும்.

க்ளிக் சத்தம் கிடையாது என்பதால் காட்பாடி ஹாஸ்டல் அறைகளுக்கு இது சரிப்படும். பக்கத்துக் கட்டிலில் தூங்குபவர் சண்டைக்கு வரமாட்டார்.

தனித்தனி சுவிட்ச் இல்லாமல் ரப்பர் சவ்வு இருக்கும் சாதா மெம்பிரேன் கீபோர்டுக்கு இது பொருந்தாது. கைல் நிறுவனத்தின் பாக்ஸ், லோ புரொஃபைல், ஆப்டிகல் சுவிட்ச்களின் அமைப்பே வேறு, அவற்றோடு கலக்க முடியாது. சுவிட்சை சால்டர் செய்திருந்தால் கழற்றும் வேலை அதிகம். சால்டர் இல்லாமல் சுவிட்சைப் பிடுங்கி மாட்டக்கூடிய ஹாட்ஸ்வாப் போர்டு என்றால்தான் சுலபம். எதற்கும் அதிகம் தட்டாத ஒரு கீயில் முதலில் போட்டுப் பாருங்கள்.